மடல்களில் வாழ்ந்த நட்பு: எட்வர்டு ஃபிட்ஜெரால்டு (1809–1883)

உமர் கய்யாம் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ்க் கவிதை அன்பர்களுக்குக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் நினைவு எழுவது இயல்பு. கவிமணியின் தமிழாக்கத்துக்கு அடிப்படையாய் அமைந்த ஆங்கில நூலைத் தந்தவர் எட்வர்டு ஃபிட்ஜெரால்டு. அந்த ஒரு சிறு நூலே அவர் பெயரை உலகெங்கும் நிலைநாட்டியது. ஆனால் அவருடைய வாழ்நாளில் அவரை நன்கறிந்தவர்களுள் பலருக்கு அந்நூல் அவர் எழுதியது என்பதே நெடுநாள் தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை அவர் சஃபோக் நாட்டுப்புறத்தில் தனியே வாழ்ந்துகொண்டு, பழைய கல்லூரித் தோழர்களுக்கு ஓயாமல் கடிதம் எழுதிய மனிதர், அவ்வளவே.

கல்லூரி நட்பு கல்லூரியோடு முடிந்துவிடுவது உலக வழக்கம். பட்டம் பெற்ற ஆண்டில் அழுது பிரிந்தவர்கள் பத்தாண்டு கழித்துத் தெருவில் கண்டால் பெயரை நினைவுகூரத் தடுமாறுகிறார்கள். பணியும் குடும்பமும் புகழும் வந்து இடையில் நிற்கின்றன. ஃபிட்ஜெரால்டின் நண்பர் குழாமிலும் இவை யாவும் வந்தன. ஒருவர் நாட்டின் அரசவைக் கவிஞரானார். ஒருவர் பெயர்பெற்ற நாவலாசிரியரானார். ஒருவர் தாம் படித்த கல்லூரிக்கே தலைவரானார். ஆயினும் அந்தக் குழாம் அரை நூற்றாண்டுக்கு மேல் சிதறாமல் இருந்தது. அதற்குப் பெரும் காரணம், எதுவும் ஆகாமல் வீட்டில் இருந்துகொண்டு மடல் வரைந்த இந்த ஒருவரே. அந்த நட்புக்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பள்ளியும் கல்லூரியும்

1809 மார்ச் 31 அன்று, இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள சஃபோக் மாவட்டத்தில், உட்பிரிட்ஜ் என்னும் சிற்றூரை அடுத்த பிரெட்ஃபீல்டு மாளிகையில் எட்வர்டு பிறந்தார். தந்தையார் பெயர் ஜான் பர்செல். தாயார் பெருஞ்செல்வக் குடியின் வாரிசு. 1818-இல் தாய்வழிப் பாட்டனார் மறைந்தபோது குடும்பம் முழுவதும் அவருடைய குலப்பெயரான ஃபிட்ஜெரால்டு என்பதைத் தன் பெயராக ஏற்றது. தாயார் அழகும் கம்பீரமும் மிக்கவர். நான்கு குதிரை பூட்டிய வண்டியில் உலா வருபவர். மகனோ கிழிந்த சட்டையும் தேய்ந்த காலணியுமாய்த் திரிவதில் மகிழ்ந்தவர். தாயார் கேம்பிரிட்ஜுக்கு வந்து ஆளனுப்பியபோது, இருந்த ஒரே இணைக் காலணி செம்மானிடம் போயிருந்ததால் மகன் உடனே போய்ப் பார்க்க இயலவில்லை என்று ஒரு கதை வழங்குகிறது. மெய்யோ கற்பனையோ, இருவரின் இயல்பையும் அக்கதை சரியாகவே காட்டுகிறது.

1818-இல் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரின் இலக்கணப் பள்ளியில் எட்வர்டு சேர்ந்தார். அங்கே அவருடன் பயின்றவர்களுள் மூவரை நாம் மறக்கக் கூடாது. ஒருவர் ஜேம்ஸ் ஸ்பெடிங். பின்னாளில் பிரான்சிஸ் பேக்கனின் நூல்களைப் பதிப்பித்தவர். மற்றொருவர் வில்லியம் டான். பின்னாளில் இலண்டன் நூலகத்தின் நூலகராயும், நாடகங்களை அரங்கேறுமுன் ஆராயும் அரசு அதிகாரியாயும் இருந்தவர். மூன்றாமவர் ஜான் கெம்பிள். புகழ்பெற்ற நடிகர் குடும்பத்தில் பிறந்து, பழைய ஆங்கில மொழி ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். பள்ளியில் தொடங்கிய இந்த நட்பு மூவருடனும் அவரவர் இறுதிவரை நீடித்தது.

1826-இல் ஃபிட்ஜெரால்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். ஸ்பெடிங்கும் கெம்பிளும் அதே கல்லூரி. டான் வேறொரு கல்லூரியில் பயின்று, சமய உறுதிமொழி தொடர்பான மனச்சான்றின் காரணமாய்ப் பட்டம் பெறாமலே விலகினார். டிரினிட்டியில் புதியவர்களும் வந்து சேர்ந்தனர். பின்னாளில் திருச்சபையில் உயர்பதவி வகித்த ஜான் ஆலன், பின்னாளில் டிரினிட்டியின் தலைவராய் விளங்கிய வில்லியம் ஹெப்வர்த் தாம்சன் ஆகியோர் அவர்கள். 1829-இன் பிற்பகுதியில் மற்றொருவரும் வந்து சேர்ந்தார். கல்கத்தாவில் பிறந்து, படிப்பில் நாட்டமின்றி, ஓயாமல் கேலிச்சித்திரம் வரைந்துகொண்டிருந்த அந்த உயரமான இளைஞர்தாம் வில்லியம் மேக்பீஸ் தாக்கரே. 1830-இன் தொடக்கத்தில் ஃபிட்ஜெரால்டு பட்டம் பெற்று வெளியேறினார். தாக்கரே அதே ஆண்டில் பட்டம் பெறாமலே வெளியேறினார். கல்லூரியில் இருவரும் சேர்ந்திருந்தது சில மாதங்களே. அந்தச் சில மாதங்கள் 34 ஆண்டு நட்புக்கு வித்தாயின.

இங்கே ஒரு வியப்பையும் குறிப்பிட வேண்டும். ஆல்ஃபிரட் டென்னிசனும் அதே காலத்தில் அதே கல்லூரியில் பயின்றவர். அதே 1809-இல் பிறந்தவர். ஆயினும் கல்லூரியில் இருவருக்கும் பழக்கம் ஏற்படவில்லை. டென்னிசன், ஸ்பெடிங், கெம்பிள், தாம்சன் முதலியோர் அப்போஸ்தலர் என்ற பெயர்கொண்ட விவாதக் கழகத்தில் உறுப்பினர்களாய் இருந்தனர். ஃபிட்ஜெரால்டு அதில் சேரவில்லை. கூட்டம் கூடிப் பேசும் இடங்களில் அவருக்கு என்றும் நாட்டமில்லை. 1835-இல் ஏரிகள் நிறைந்த வட இங்கிலாந்தில் இருந்த ஸ்பெடிங்கின் இல்லத்தில்தான் இருவரும் நெருங்கிப் பழகினர். கல்லூரி தராத நட்பைக் கல்லூரித் தோழரின் வீடு தந்தது.

பிரிந்த பாதைகள்

நண்பர்கள் தத்தம் பாதையில் சென்றனர். ஸ்பெடிங் குடியேற்ற நாடுகள் அலுவலகத்தில் சில ஆண்டுகள் பணியாற்றி, பின் அதைத் துறந்து பேக்கன் ஆராய்ச்சியில் மூழ்கினார். 1847-இல் அரசு உயர்பதவி ஒன்று தேடி வந்தபோதும் மறுத்துவிட்டார். ஆலன் திருச்சபைப் பணியில் உயர்ந்தார். தாக்கரே இதழ்களில் எழுதிப் பிழைத்து, பின் நாவல்களால் புகழ் பெற்றார். டென்னிசன் 1850-இல் அரசவைக் கவிஞரானார்.

ஃபிட்ஜெரால்டு மட்டும் எந்தப் பணியும் ஏற்கவில்லை. குடும்பச் சொத்திலிருந்து வந்த வருவாய் அவருக்குப் போதுமானதாய் இருந்தது. பூல்ஜ் என்னும் சிற்றூரில், குடும்பத்துக்குச் சொந்தமான தோட்டத்தின் வாயிலருகே ஓலைக்கூரை வேய்ந்த ஒரு குடிலில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். இளமையிலேயே புலால் உணவைப் பெரும்பாலும் விலக்கினார். ரொட்டியும் கனிகளும் அவருக்குப் போதும். பின்னர் உட்பிரிட்ஜ் சந்தைத் திடலில் துப்பாக்கி செய்பவர் ஒருவரின் கடைக்கு மேலிருந்த அறைகளில் 1860 முதல் 1873 வரை குடியிருந்தார். 1864-இல் வாங்கிப் பழுது பார்த்த லிட்டில் கிரேஞ்ச் என்னும் வீட்டில் 1874-இல்தான் குடிபுகுந்தார். கடலின் மீதும் மீனவர்கள் மீதும் தீராத காதல் கொண்டவர். தமக்கென ஒரு பாய்மரப் படகு கட்டுவித்து அதற்கு அவதூறு என்று பொருள்படும் பெயரிட்டார். உட்பிரிட்ஜில் மிகுதியாய் விளையும் பொருள் அதுவே என்பது அவர் சொன்ன காரணம்.

இத்தகைய மனிதரை உலகம் சோம்பேறி என்று சொல்லும். அவரும் தம்மை அவ்வாறே சொல்லிக்கொண்டார். ஆனால் அந்த ஓய்வை அவர் எதற்குச் செலவிட்டார் என்பதை அவருடைய கடிதங்கள் காட்டும்.

கடிதக்காரர்

ஃபிட்ஜெரால்டின் கடிதங்களில் பெரிய செய்தி எதுவும் இராது. தோட்டத்தில் முதல் பட்டாம்பூச்சி வந்தது, கிழக்குக் காற்று அடிக்கிறது, இந்தப் பழைய நூலை மீண்டும் படித்தேன், அந்த இசையை மீண்டும் கேட்டேன் என்பன போன்ற செய்திகளே நிறைந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு மடலிலும் மற்ற நண்பர்களைப் பற்றிய வினா இருக்கும். ஆலனுக்கு எழுதும்போது ஸ்பெடிங் எங்கே இருக்கிறார் என்று கேட்பார். டானுக்கு எழுதும்போது தாக்கரேயின் உடல்நலம் எப்படி என்று கேட்பார். ஒருவர் தந்த செய்தியை மற்றவருக்குச் சொல்வார். இவ்வாறு, ஒருவரையொருவர் ஆண்டுக்கணக்கில் எழுதியறியாத நண்பர்களும் அவர் வழியே ஒருவரைப் பற்றி ஒருவர் அறிந்திருந்தனர். அவர் இருந்த சிற்றூர் அறை அக்குழாத்தின் அஞ்சல் நிலையமாய் விளங்கியது.

கேலிக்கும் குறைவில்லை. ஸ்பெடிங்கின் நெற்றி மிக அகன்றது. தலை இளமையிலேயே வழுக்கை. இதை வைத்து ஃபிட்ஜெரால்டும் தாக்கரேயும் வாழ்நாள் முழுதும் விளையாடினர். மலையுச்சியில் கதிரவன் எழுந்தாலும், கடலுக்கு அப்பால் வெண்பாறை தெரிந்தாலும் அது ஸ்பெடிங்கின் நெற்றியே என்று எழுதிக்கொள்வர். இருபது வயதில் தொடங்கிய ஒரு நகைச்சுவை முதுமையிலும் சலிக்காமல் தொடர்வது நல்ல நட்பின் அடையாளங்களுள் ஒன்று.

அவர் நட்பு உதவியாயும் அமைந்தது. 1842-இல் வெளிவந்த டென்னிசனின் கவிதைத் தொகுதி அக்கவிஞரின் புகழுக்கு அடித்தளம். அதை வெளியிடுமாறு விடாமல் வற்புறுத்தியவர்களுள் ஃபிட்ஜெரால்டு ஒருவர். இலண்டனில் ஸ்பெடிங்கின் அறையில் அச்சுக்குப் படியெடுத்த பின், தம் கைப்பிரதித் தாள்களை டென்னிசன் ஒவ்வொன்றாய்க் கிழித்து நெருப்பில் இட்டபோது, அவற்றில் சிலவற்றைக் காப்பாற்றி வைத்தவரும் இவரே. அத்தாள்கள் பின்னர் டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்குச் சென்றன.

1852-இல் தாக்கரே அமெரிக்காவுக்குச் சொற்பொழிவுப் பயணம் புறப்பட்டார். அக்காலக் கப்பல் பயணம் உயிருக்கு உறுதியற்றது. மனைவி மனநோயால் பீடிக்கப்பட்டிருக்க, இரு பெண்மக்கள் சிறுமியர். புறப்படுமுன் தாக்கரே ஃபிட்ஜெரால்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்கு ஏதேனும் நேர்ந்தால் தம் எழுத்துகளைப் பொறுப்பேற்குமாறும், தந்தையின் மிகச் சிறந்த பழைய நண்பர் இவரே என்பதைத் தம் மக்கள் நினைவில் கொள்ள வேண்டும் என்றும் அதில் தெரிவித்தார். இலண்டன் மாநகரமே தாக்கரேயைக் கொண்டாடிய காலம் அது. அத்தனை பேரையும் விட்டுவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பதே அரிதாகிவிட்ட நாட்டுப்புறத் தோழரை அவர் நம்பினார்.

கல்கத்தா மடலும் உமர் கய்யாமும்

ஃபிட்ஜெரால்டின் நண்பர்களுள் கல்லூரித் தோழர் அல்லாத ஒருவரை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். எட்வர்டு கவல் அவரைவிடப் பதினேழு ஆண்டு இளையவர். கீழை மொழிகளில் பெரும் புலமை பெற்றவர். ஃபிட்ஜெரால்டு தம் நாற்பதுகளில் அவரிடமே பாரசீக மொழி கற்றார். 1856-இல் கவல் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் உமர் கய்யாம் பாடல்களின் பழைய ஏடு ஒன்றைக் கண்டு, படியெடுத்துத் தந்தார். அதே ஆண்டில் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் பணி ஏற்று இந்தியாவுக்குக் கப்பலேறினார். போக வேண்டாம் என்று ஃபிட்ஜெரால்டு எவ்வளவோ வேண்டியும் பயனில்லை.

அந்த ஆண்டு அவர் வாழ்வில் துயரமானது. மறைந்த நண்பரான கவிஞர் பெர்னார்டு பார்ட்டனின் மகள் லூசியை 1856 நவம்பரில் மணந்தார். இயல்பால் முற்றிலும் வேறுபட்ட அவ்விருவரும் சில மாதங்களிலேயே பிரிந்தனர். அவ்வம்மையாரின் வாழ்க்கைக்குப் பொருள் வசதி செய்து தந்த ஃபிட்ஜெரால்டு, பழியைத் தம்மேலேயே ஏற்றுக்கொண்டார். 1857-இல் ஜான் கெம்பிள் மறைந்தார். இத்தனிமையில் அவர் பற்றிக்கொண்ட கொம்பு உமர் கய்யாம். ஐயங்களைக் கல்கத்தாவுக்கு எழுதுவார். விடை மாதக்கணக்கில் கழித்து வரும். கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் நூலகத்தில் இருந்த மற்றொரு ஏட்டின் படியையும் கவல் அனுப்பினார். உலகம் போற்றும் அந்த நூலும் கடிதங்களின் வழியே உருவானதே.

1858-இல் சில பாடல்களை ஓர் இதழுக்கு அனுப்பினார். ஓராண்டு காலம் அவை கிடப்பில் கிடந்தன. திரும்பப் பெற்று, 75 பாடல்கள் கொண்ட சிறு நூலாய் 250 படிகள் அச்சிட்டு, 1859-இல் தம் பெயரின்றி வெளியிட்டார். விற்பவர் குவாரிட்ச் என்னும் புத்தக வணிகர். விற்கவில்லை, ஒரு ஷில்லிங் விலையிட்ட நூல் ஒரு பென்னிப் பெட்டிக்குத் தள்ளப்பட்டது. 1861-இல் விட்லி ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் அதைக் கண்டெடுத்துக் கவிஞர் ரொசெட்டியிடம் தர, ரொசெட்டி ஸ்வின்பர்னுக்குக் காட்ட, புகழ் மெல்லப் பரவியது. அதே ஸ்டோக்ஸ் 1862-இல் சென்னைக்கு வந்தார். அவ்வாண்டிலேயே ஆசிரியர் அறியாமல் சென்னையில் ஒரு பதிப்பு அச்சாயிற்று. பின்னாளில் தமிழாகவிருந்த நூல், தமிழ் மண்ணில் அத்துணை முன்னதாகவே அச்சேறியது என்பது நமக்கு இனிய செய்தி.

இதில் வியப்பு யாதெனில், நண்பர்களுக்கு எல்லாவற்றையும் எழுதிய மனிதர் இதை மட்டும் பெரும்பாலோர்க்குத் தெரிவிக்கவில்லை. விரல் விட்டு எண்ணத்தக்க சிலருக்கே படி அனுப்பினார். அவர்களுள் டான் ஒருவர். வரலாற்றாசிரியர் கார்லைல் அவருக்கு முப்பதாண்டு நண்பர். அவருக்குக்கூட 1873-இல் அமெரிக்க அறிஞர் ஒருவர் வழியேதான் உண்மை தெரிந்தது.

நேரில் காணாத அன்பு

நண்பர்களைப் பிரிய மனமில்லாத இவர், அவர்களை நேரில் காண்பதை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு குறைத்துக்கொண்டே வந்தார். 1854-இல் டென்னிசனின் இல்லத்தில் இரு வாரங்கள் மகிழ்வோடு தங்கினார். அதன்பின் பலமுறை அழைத்தும் போகவில்லை. ஸ்பெடிங்கை இருபது ஆண்டுகளுக்கு மேல் பார்க்கவே இல்லை. நண்பர்களின் இல்லங்களில் பெரிய மனிதர்கள் கூடினர். அங்கே தமக்கு இடமில்லை என்று அவர் எண்ணினார். புகழ் தம் நண்பர்களை மாற்றிவிட்டது என்ற ஐயமும் இருந்தது. தாக்கரேயைப் பற்றி அந்த ஐயம் மிகுதி.

மற்றொரு காரணமும் உண்டு. அவர் அன்பு கொண்டது பெரும்பாலும் இளமைக் கேம்பிரிட்ஜின் நண்பர்களிடம். 1842-க்குப் பின் டென்னிசன் எழுதிய பலவும் முன்னவற்றுக்கு ஈடாகா என்று அவர் கருதினார். அதை ஒளிக்கவும் இல்லை. ஸ்பெடிங்கைப் போன்ற பேரறிஞர் பேக்கனின் பெயருக்கு ஒட்டிய களங்கத்தைக் கழுவுவதற்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டது வீண் என்று வருந்தினார். நண்பர்களின் பிற்கால உழைப்பை அளக்க அவர் எடுத்த கோல் அவர்களுடைய இருபது வயது. இது முழுவதும் நடுநிலையான தீர்ப்பு அன்று. டென்னிசனின் பிற்காலப் படைப்புகளையும், பதினான்கு தொகுதிகளாய் நிறைவுற்ற ஸ்பெடிங்கின் உழைப்பையும் காலம் அவ்வளவு எளிதாய்த் தள்ளிவிடவில்லை. ஆனால் முகத்துக்கு நேரே இதைச் சொல்லக்கூடிய ஒருவர் தமக்கு இருக்கிறார் என்பதை அந்நண்பர்கள் பெறுதற்கரியதாய்க் கருதினர். ஒருவரும் அவரை விட்டு விலகவில்லை.

இந்த விலகலுக்கு உரிய விலையை அவர் 1863-இல் செலுத்தினார். அவ்வாண்டு கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள் தாக்கரே திடீரென மறைந்தார். கடந்த பத்தாண்டுகளில் அவரை மிக அரிதாகவே பார்த்திருந்தார் ஃபிட்ஜெரால்டு, கடிதமும் அருகிவிட்டிருந்தது. உட்பிரிட்ஜ் அறையில் இரவெல்லாம் நண்பரின் நாவல்களை எடுத்து வைத்துப் படித்தார். முப்பதாண்டுகளுக்கு முன்போல் தாக்கரே பாடிக்கொண்டே படியேறி வருவது போலத் தோன்றுவதாய் மற்றொரு நண்பருக்கு எழுதினார். பிற்பாடு ஒரு செய்தி அவருக்குக் கிட்டியது. இறுதிக் காலத்தில் தாக்கரேயை அவர் மகள், நண்பர்களுள் யாரிடம் மிகுந்த அன்பு என்று வினவியபோது, அவர் சொன்ன இரு பெயர்களுள் முதற்பெயர் ஃபிட்ஜெரால்டினுடையது. நண்பர் மாறிவிட்டார் என்று எண்ணி ஒதுங்கியிருந்தவருக்கு, மாறவே இல்லை என்ற செய்தி அவர் மறைந்த பின்பே கிடைத்தது.

கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நட்புக்கொண்ட வரலாற்றை நாம் அறிவோம். காணாமை அந்நட்புக்குக் குறையாகவில்லை. ஆயினும் சோழன் வடக்கிருந்தபோது பிசிராந்தையார் வந்து சேர்ந்தார். அந்த வருகையே அந்நட்பை நிறைவு செய்தது. ஃபிட்ஜெரால்டின் நட்பில் அந்த வருகை இல்லை. அவர் உணர்ச்சியால் நண்பர். காலால் நடந்து போக மட்டும் இயலாதவர். இக்குறையை அவர் அறிந்தேயிருந்தார் என்பதற்குத் தாக்கரேயின் மறைவுக்குப் பின் அவர் எழுதிய மடல்களே சான்று.

ஓய்வுக் காலம்

நண்பர்கள் எழுபதை நெருங்கினர். 1874-இல் ஸ்பெடிங் பேக்கன் பதிப்பை நிறைவு செய்தார். அவ்வாண்டிலேயே டான் பணி ஓய்வு பெற்றார். தாம்சன் 1866 முதலே டிரினிட்டியின் தலைவர். டென்னிசனின் தமையன் ஃபிரெடரிக்கும் டிரினிட்டி மாணவரே; பல்லாண்டு இத்தாலியில் வாழ்ந்துவிட்டு ஜெர்சித் தீவில் குடியேறியிருந்தார். ஃபிட்ஜெரால்டுக்கோ 1869 முதல் கண்பார்வை மங்கியது. மாலை வேளைகளில் ஊர்ச் சிறுவர்களைக் கொண்டு நூல்களைப் படிக்கச் செய்து கேட்பார். கடிதம் எழுதுவதை மட்டும் விடவில்லை.

டென்னிசனுக்குக் கடிதம் எழுதுவதென்றால் வேம்பு. ஃபிட்ஜெரால்டு ஆண்டுதோறும் எழுதும் மடல்களுக்கு டென்னிசனின் மனைவி எமிலியே விடை எழுதுவார். பின்னர் மகன் ஹாலம் எழுதினார். அதற்காக அவர் வருந்தியதில்லை. தம்மிடம் இருந்த, ஓவியர் ஸாமுவேல் லாரன்ஸ் தீட்டிய டென்னிசனின் இளமைத் தோற்றத்தை எமிலி அம்மையாருக்கே தந்துவிட்டார். மறைந்த ஜான் கெம்பிளின் தங்கை ஃபேனி கெம்பிள் முன்னாளில் பெரும்புகழ் பெற்ற நடிகை. அவருக்குத் திங்கள்தோறும் முழுநிலவு நாளையொட்டி எழுதுவது வழக்கம். 1871 முதல் இறுதிவரை அவருக்கு எழுதிய மடல்கள் 1895-இல் தனி நூலாயின. நண்பர் மறைந்த பின் அவர் உடன்பிறந்தாருடன் நட்பைத் தொடர்வதும் நட்புக் கடனே.

1876 செப்டம்பரில் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. இவர் போகாத இடத்திலிருந்து நண்பரே தேடி வந்தார். பயணத்தின் வழியில் டென்னிசன் மகனுடன் உட்பிரிட்ஜில் இறங்கினார். சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பின் சந்திப்பு. விருந்தினரை ஊர் விடுதியில் தங்கவைத்துவிட்டு, இரு நாள்கள் லிட்டில் கிரேஞ்சிலும் ஆற்றங்கரையிலும் பேசித் தீர்த்தனர். பிரிந்து இருபது நாள்களே ஆனாற்போலப் பேச்சு பழைய ஓட்டத்தில் தொடர்ந்ததாய் ஃபிட்ஜெரால்டு பின்னர் எழுதினார். தோட்டத்து மரநிழலில் நண்பர் அமர்ந்திருக்க, அவரைச் சுற்றிப் புறாக்கள் இறங்கிய காட்சி டென்னிசனின் மனத்தில் பதிந்தது. அதன்பின் இருவரும் சந்திக்கவில்லை.

1881-இல் இழப்புகள் வரிசையாய் வந்தன. பிப்ரவரியில் கார்லைல் மறைந்தார். மார்ச் முதல் நாள் இலண்டன் தெருவில் ஸ்பெடிங் குதிரை வண்டியில் அடிபட்டார். மருத்துவமனையில் கிடந்தபோதும் வண்டியோட்டியின் மேல் குற்றமில்லை, தவறு தம்முடையதே என்று சொல்லி, 9-ஆம் நாள் உயிர் நீத்தார். பள்ளி நாள் முதல் அறுபதாண்டுத் தோழர். இருபதாண்டுகளாய்ப் பாராத தோழர். தாம் அறிந்த மனிதர்களுள் இவரே அறிவில் தலைசிறந்தவர் என்று ஃபிட்ஜெரால்டு நண்பர்கள் பலருக்கும் எழுதினார். 1882 ஜூனில் டானும் மறைந்தார்.

அந்த 1882-இல் அவர் செய்த ஒரு வேலை கருதத்தக்கது. யூஃபிரனார் என்பது அவர் 1851-இல் பெயரின்றி வெளியிட்ட உரையாடல் நூல். கேம்பிரிட்ஜின் மே மாதத்து ஒருநாளில் இளைஞர் சிலர் நடந்தும் படகோட்டியும் வாழ்க்கையைப் பற்றிப் பேசுவதே அதன் பொருள். அதன் இறுதியில் வரும் படகுப் போட்டிப் பகுதியை டென்னிசன் மிகவும் பாராட்டியதுண்டு. எழுபத்து மூன்று வயதில், மங்கிய கண்களோடு, அந்நூலை மீண்டும் திருத்தி நண்பர்களுக்கென அச்சிட்டார். நாற்பதாண்டுகளுக்கு முந்தைய கதை என்று தலைப்பிலேயே குறித்தார். உடன் படகோட்டியவர்களுள் பலர் அப்போது உயிரோடில்லை.

இறுதி

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், கவிஞர் ஜார்ஜ் கிராபின் பேரரான மெர்ட்டன் ஊர்ப் பாதிரியாரைக் காணச் செல்வது அவர் வழக்கம். 1883 ஜூன் 12-இல், தம் நண்பர்களின் முகங்களைத் தீட்டிய லாரன்சுக்கு ஒரு மடல் எழுதி, மறுநாள் மெர்ட்டன் செல்வதைத் தெரிவித்தார். 13-ஆம் நாள் மாலை அங்கே சேர்ந்தார். இரவு உறங்கச் சென்றவர் 14-ஆம் நாள் காலையில் எழவில்லை. பூல்ஜ் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அப்போது டென்னிசனிடம் ஒரு கவிதை இருந்தது. பழைய படைப்பொன்றை நண்பருக்குக் காணிக்கையாக்கி, அதற்கு முகப்பாய், பிறந்த நாள் வாழ்த்தாய் அவர் எழுதியது. உட்பிரிட்ஜ் தோட்டமும் புறாக்களும் நண்பரின் புலால் மறுத்த உணவும் பாரசீகப் பாடல்களின் பெருமையும் அதில் இடம்பெற்றன. அரை நூற்றாண்டாய் நண்பரின் மடல்களுக்குத் தம் கையால் விடை எழுதச் சோம்பிய கவிஞர், இறுதியில் எழுதிய மிகச் சிறந்த விடை அது. அதைப் படிக்க ஃபிட்ஜெரால்டு இல்லை. மறைவைக் குறிக்கும் வரிகளையும் சேர்த்து டென்னிசன் அதை 1885-இல் வெளியிட்டார். 1886-இல் ஆலனும் தாம்சனும் மறைந்தனர்.

டிரினிட்டியைச் சேர்ந்த வில்லியம் ஆல்டிஸ் ரைட் 1889-இல் ஃபிட்ஜெரால்டின் கடிதங்களையும் எழுத்துகளையும் மூன்று தொகுதிகளாய் வெளியிட்டார். ஒருவர் கண்ணுக்கென எழுதியது ஊரார் கண்ணில் படும்போது நேரும் தீங்கும் அதனால் விளைந்தது. கவிஞர் பிரௌனிங்கின் மறைந்த மனைவியைப் பற்றி ஒரு மடலில் இருந்த இரக்கமற்ற சொல் அச்சேற, பிரௌனிங் சினந்து எழுதிய கவிதை இதழில் வந்தது. ஃபிட்ஜெரால்டு குற்றமற்றவர் அல்லர் என்பதையும் அவர் வாழ்க்கை மறைக்கவில்லை. அவருடைய கடிதங்கள் பின்னர் 1980-இல் நான்கு பெரும் தொகுதிகளாய் விரிந்தன.

1893-இல், நிஷாபூரில் உமர் கய்யாமின் அடக்கத்தலத்து ரோசாவின் விதையிலிருந்து வளர்த்த செடி ஒன்றை அன்பர்கள் ஃபிட்ஜெரால்டின் அடக்கத்தலத்தில் நட்டனர். உமருக்கு அவர் செய்த பணிக்கு அது தகுந்த நன்றி. கல்லூரித் தோழர்களுக்கு அவர் செய்த பணிக்கு நினைவுச் சின்னம் அந்த மடல்களே. அவை இல்லையேல், ஆறேழு பெரிய மனிதர்கள் ஒரு காலத்தில் ஒரே கல்லூரியில் படித்தனர் என்ற குறிப்பு மட்டுமே எஞ்சியிருக்கும்.

பத்தாண்டு நிறைவுறும் ஓர் இலக்கிய வட்டம் அடுத்த பத்தாண்டை நினைக்கும்போது, கூட்டங்களையும் மலர்களையும் திட்டமிடுவது முறையே. அவற்றோடு, கூட்டத்துக்கு வராதவரை யார் விசாரிக்கிறார் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு விசாரித்து எழுதுபவர் ஒருவர் இருக்கும் வரையில் வட்டம் கலையாது. அவர் எழுதிக்கொண்டே இருக்கட்டும். இயன்ற போதெல்லாம், வாழ்நாளிலேயே, சென்று பார்த்தும் வரட்டும்.